முத்திரையை நம்பித் தோட்டாவைப் போடாதீர்கள்

வேட்டைக்காக மாற்றிய பழைய மவுசர் 98 (ஜெர்மானிய ராணுவத் துப்பாக்கி) ஒன்றுக்கு எந்தத் தோட்டா என்ற கேள்விக்கு, “உடலில் மவுசர் 98 முத்திரை இருக்கிறது, 8×57 தோட்டாவும் (8 மிமீ குண்டு, 57 மிமீ நீளக் கூடு) உள்ளே போய் போல்ட் (பின்பக்கம் அடைக்கும் தாழ்) பூட்டுகிறது, அப்படியானால் அதுதான் அளவு” என்று ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார். அது தவறு, ஆபத்தும்கூட. முத்திரை சொல்வது துப்பாக்கி ஆலையை விட்டு வந்த நாளின் கதை. பிறகு யாரோ துப்பாக்கியின் மரக்கட்டையைச் செதுக்கி, வேட்டைக்கென்று மாற்றியிருக்கிறார்கள். குழலை மட்டும் விட்டுவைத்திருப்பார்கள் என்று என்ன நிச்சயம்?

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவுக்குப் போன மவுசர்கள் பலவற்றில் பழைய குழலை வைத்துக்கொண்டே தோட்டா அறையை (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) 8மிமீ-06 என்ற இன்னும் நீளமான தோட்டாவுக்கு ஏற்ப நீளமாகக் கடைந்தார்கள். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. அந்த அறைக்குரிய தோட்டாவின் கூடு சுமார் 63 மிமீ நீளம். 57 மிமீ கூடு அதற்குள் தாராளமாக விழும், போல்ட்டும் பூட்டும். சுட்டால் கூடு கிழியலாம்.

சரி, எப்படித்தான் கண்டுபிடிப்பது? துப்பாக்கி காலி என்று உறுதிசெய்துவிட்டு, உருக்கிய உலோகத்தை அறைக்குள் ஊற்றி அதன் வார்ப்பை எடுக்க வேண்டும். அதற்கென்றே செரோசேஃப் என்ற உலோகக் கலவை உண்டு; 90 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். ஆறும்போது முதலில் சுருங்கும், அப்புறம் விரியும். வார்த்து ஒரு மணி நேரம் கழித்து அளந்தால்தான் அறையின் உண்மை அளவு கிடைக்கும். அவசரப்பட்டால் தப்புக் கணக்குதான். குழலின் உள்விட்டத்துக்குத் தனியாக ஒரு ஈயக்குண்டைக் குழல் வழியே தள்ளி, அதை அளந்து பாருங்கள். பழக்கமில்லையென்றால் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.