ஓடிப்போனாள் என்று யார் சொன்னது?

2017-இல் பழைய குடும்ப அட்டைகளுக்குப் பதிலாக ஸ்மார்ட் அட்டைகள் வந்தபோது, எங்கள் ஊரில் ஒரு தாயின் அட்டையிலிருந்து மகளின் பெயர் நீங்கியது. அட்டையில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஆதார் எண் கேட்டார்கள். 1984-இல் காணாமல் போன பெண்ணுக்கு ஆதார் எண் எங்கிருந்து வரும்? அதுவரை முப்பத்து மூன்று ஆண்டுகள், அட்டை புதுப்பிக்கப்பட்ட ஒவ்வொரு முறையும் அந்த அம்மாள் அந்தப் பெயரை விடாமல் எழுதவைத்தார். இல்லாத ஆளுக்குச் சர்க்கரை வாங்குகிறாள் என்று நியாயவிலைக் கடை வரிசையில் அவர் காதுபடவே பேசியிருக்கிறார்கள். அந்த வரிசையில் நானும் நின்றிருக்கிறேன், வாய் திறந்ததில்லை.

எங்கள் வீட்டின் இரண்டாங்கட்டில் சமையல் பார்த்தவர் அவர். மகளுக்கு அப்போது பதினாறு வயது. பத்தாம் வகுப்பு தேறிய கையோடு காரைக்குடியில் தட்டச்சு வகுப்பில் சேர்ந்திருந்தாள். அந்தக் காலத்தில் தட்டச்சில் முதல் நிலைத் தேர்வான லோயர் தேறிய பெண்ணுக்கு ஏதாவது ஓர் அலுவலகத்தில் நாற்காலி கிடைக்கும் என்று செட்டிநாட்டு ஊர்களில் எல்லாரும் நம்பினார்கள். ஆனி மாதத்தில் ஒரு மாலை வழக்கம்போல் வகுப்புக்குப் போனாள். ஆறு மணிக்குக் கிளம்பிவிட்டாள் என்று தட்டச்சு நிலையத்தில் சொன்னார்கள். பேருந்து நிலையம் அங்கிருந்து பத்து நிமிட நடை. எங்கள் ஊர்ப் பேருந்தில் அவள் ஏறியதைப் பார்த்தவர் எவருமில்லை. தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான், இன்றைக்கும்.

மறுநாள் காலை ஊருணியில் தண்ணீர் எடுக்க வந்தவர்கள் ‘ஓடிப்போயிட்டாளாம்’ என்று பேசிக்கொண்டதைப் பத்து வயதுச் சிறுவனாக நான் கேட்டேன். யாரோடு, எங்கே என்று அவர்களில் எவருக்கும் தெரியாது. ஆனாலும் சொல் முடிவாகிவிட்டது. ‘காணாமல் போனாள்’ என்றால் தேடுவதற்கு நாலு பேர் கிளம்ப வேண்டியிருக்கும். ‘ஓடிப்போனாள்’ என்றால் போனதும் அவளே, பழியும் அவளுக்கே. தேடுவது பெற்றவர்களின் சொந்தத் துக்கம் ஆகிவிடுகிறது. நம் ஊர்களில் இந்த ஒரு சொல் முடித்துவைத்த விசாரணைகள் எத்தனையோ இருக்கும் என்பது என் எண்ணம். அதனால்தான் இதைப் பொதுவெளியில் எழுதுகிறேன்.

காவல் நிலையத்திலும் அதே சொல்தான் காத்திருந்தது. ‘வயசுப் பிள்ளை, ரெண்டு நாள்ல வந்துரும்’ என்று வெள்ளைத்தாளில் எழுதிய மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ரசீது தரவில்லை, வழக்கும் பதியவில்லை. சில வாரங்கள் கழித்து, லோயர் தேர்வுக்கான நுழைவுச்சீட்டு அவள் பெயருக்கு அஞ்சலில் வந்தது. தேர்வுக் கட்டணத்தை அந்தத் தந்தை கடன் வாங்கிக் கட்டியிருந்தார். வீட்டை விட்டுப் போகத் தீர்மானித்தவள் தேர்வு எழுதவும் தீர்மானித்திருப்பாளா என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை. அந்தச் சீட்டு எதையும் மெய்ப்பித்துவிடாது என்பதை அறிவேன். பதினாறு வயது மனம் ஒரே வாரத்தில் மாறவும் கூடும். ஆனால் விசாரணை என்று ஒன்று நடந்திருந்தால், அது முதலில் கையில் எடுத்திருக்க வேண்டிய காகிதம் அதுதான்.

விரும்பியேதான் போனாள் என்று வைத்துக்கொண்டாலும் விஷயம் அங்கே முடிந்துவிடாது. பதினெட்டு வயது நிறையாத பெண்ணைப் பெற்றோரின் பொறுப்பிலிருந்து அழைத்துச் செல்வதும் ஆசைகாட்டிக் கூட்டிப்போவதும் அன்று நடப்பில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 361-ஆம் பிரிவின்படி ஆள்கடத்தல். அதற்கு அவளுடைய சம்மதம் ஒரு பொருட்டே அன்று. விவரம் தெரிந்த பெண் தானாகவே வீட்டை விட்டு வந்து ஒருவனுடன் சேர்ந்துகொண்டால், அவன் ‘அழைத்துச் சென்றான்’ என்று ஆகாது என 1964-இல் வரதராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் உண்மைதான். அதுவும் நம் சென்னை மாநிலத்திலிருந்து போன வழக்கே. ஆனால் அந்த வேறுபாட்டை நீதிமன்றம் சாட்சிகளைக் கேட்டபின் சொன்னது. எங்கள் ஊர் குடத்தை இறக்கி வைப்பதற்குள் சொல்லிவிட்டது.

இது ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் நேர்வது என்று சிலர் சொல்லக்கூடும், பாதி உண்மை. முகப்பும் வளவுமாக ஒரு தெருவிலிருந்து மறுதெரு வரை நீளும் வீட்டுப் பெண்ணாக இருந்திருந்தால், பணம் செலவழித்து நாலாபுறமும் ஆள் அனுப்பியிருப்பார்கள். ஆனால் காவல் நிலையத்தின் படியை மிதித்திருக்கவே மாட்டார்கள், மானம் போய்விடும் என்று. அந்த அம்மாள் படியேறினார். அந்த வகையில் எங்கள் பெரிய வீடுகளைவிட அவருக்குத் துணிவு அதிகம்.

தந்தை இறந்த பிறகு வாரிசுச் சான்றிதழுக்குப் போனபோது, மகள் பெயரை விட்டுவிட்டால் வேலை சுலபம் என்று யோசனை சொன்னார்கள். ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லையென்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்பது 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலிருந்து வரும் விதி. உறவினர்கள் வேறொரு வழியும் சொன்னார்கள். மணமாகாமல் இறந்த பெண்ணைக் கன்னித் தெய்வமாக்கிச் சிற்றாடை வைத்துப் படைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்படிப் படைத்துவிட்டால் வீட்டுக்கு நல்லது என்றார்கள். ‘இருக்கிறவளுக்கு யாராச்சும் படைப்பாங்களா ஆச்சி?’ என்று என் அப்பத்தாவிடம் அவர் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. அப்பத்தா பதில் சொல்லவில்லை; அதற்குப் பின் அந்தப் பேச்சை எடுக்கவுமில்லை.

எங்கள் ஊர் நிகழ்வுக்குச் சரியாக ஓராண்டு முன்பு, 1983 ஜூன் 22 அன்று, ரோம் நகரில் இசை வகுப்புக்குப் போன இமானுவேலா ஒர்லாந்தி என்ற பதினைந்து வயதுப் பெண் வீடு திரும்பவில்லை. அவள் தந்தை வத்திக்கானில் ஊழியர். அங்கும் காவல்துறை முதலில், தோழிகளோடு இருப்பாள், பொறுத்திருங்கள் என்றுதான் சொன்னதாம். ஆனால் அவளுடைய அண்ணன் பியேத்ரோ நாற்பது ஆண்டுகளாக அவள் படத்தை ஏந்தித் தெருவில் நின்றார். 2019-இல் வத்திக்கானுக்குள் இருக்கும் ஒரு கல்லறைத் தோட்டத்தில் இரண்டு கல்லறைகளைத் திறந்து பார்த்தார்கள்; அவள் அங்கே இல்லை. 2023-இல் வத்திக்கானே விசாரணையைத் தொடங்கியது. அதே ஆண்டில் ரோம் அரசு வழக்கறிஞர்களும் வழக்கைத் திரும்பக் கையிலெடுத்தார்கள், இத்தாலி நாடாளுமன்றம் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. விடை இன்னும் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்த ஊரில் அவள் இன்றுவரை தேடப்படும் பெண்.

நம் நாட்டில் அதற்கு வழி இல்லாமலா இருக்கிறது? 2013 மே 10 அன்று, பச்பன் பச்சாவ் ஆந்தோலன் என்ற குழந்தை உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த உத்தரவின்படி, குழந்தை காணவில்லை என்ற புகார் வந்தாலே கடத்தப்பட்டதாகவோ விற்கப்பட்டதாகவோ கருதித்தான் விசாரணையைத் தொடங்க வேண்டும். அதே உத்தரவில், முன்னரே காணாமல் போய் இன்னும் கிடைக்காத குழந்தைகளுக்கு முதல் தகவல் அறிக்கை பதியப்படாமல் இருந்தால், ஒரு மாதத்துக்குள் பதிய வேண்டும் என்றும் இருக்கிறது. அந்த வரியைக் கொண்டுபோய் அந்த அம்மாளிடம் சொல்ல எங்கள் ஊரில் ஆள் இல்லை. எனக்கே சென்ற ஆண்டுதான் தெரிந்தது. ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய ஆள்கடத்தல் குற்றத்துக்குக் காலவரம்பும் கிடையாது.

ஆகவே மனு எழுதினோம். பழைய மனுவின் எண்ணைக் கேட்டார்கள். ரசீதே தராத மனுவுக்கு ஏது எண்? எந்த மாவட்டத்துப் பதிவேடு என்றும் கேட்டார்கள். 1984-இல் நாங்கள் இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தோம். 1985 மார்ச் 15 முதல் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம். 1997-க்குப் பிறகு சிவகங்கை. ஒரே வீட்டில் ஒரே திண்ணையில் உட்கார்ந்தபடி மூன்று மாவட்டங்களைப் பார்த்துவிட்டார் அந்த அம்மாள். பதிவேடு எந்த மாவட்டத்தோடு போனது என்பதை அலுவலகங்கள்தான் தங்களுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். எண்பதைத் தாண்டியவரை அலையவிடுவது முறையன்று என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம்.

அந்த ஆண்டு ஆனி, ஆடி மாதங்களில் காரைக்குடியில் மாலை நேரத் தட்டச்சு வகுப்புகளுக்குச் சென்றவர்கள் இப்போது அறுபதை நெருங்கியிருப்பீர்கள். பின்னல்களில் கனகாம்பரம் வைத்து, பச்சைத் தாவணியில் வந்த ஒரு பெண்ணை அன்று மாலை எங்கேனும் பார்த்த நினைவிருந்தால், யாருடனாவது அவள் பேசிக்கொண்டு நின்றிருந்தால், எவ்வளவு சிறிய விவரமானாலும் எனக்குத் தனிச்செய்தியில் எழுதுங்கள். யார் பெயரையும் பின்னூட்டத்தில் எழுத வேண்டாம், எழுதினால் நீக்கிவிடுவேன். ஓடிப்போனாள் என்று எழுத நினைப்பவர்கள், எந்தப் பேருந்தில், யாரோடு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.