திருப்பினாலும் குறையாத ஃபில்டருக்குத் திருகு எதற்கு?

'சிறிய தொட்டிகளுக்கு ஏற்றது' என்று மீன் தொட்டி ஃபில்டரின் அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழேயே பொடி எழுத்தில் மணிக்கு 300 லிட்டர். என் தொட்டி 20 லிட்டர். வகுத்துப் பாருங்கள், ஒரு மணி நேரத்தில் மொத்தத் தண்ணீரும் 15 தடவை சுற்றுகிறது! சாதாரண மீன் தொட்டிக்கே நாலைந்து தடவை சுற்றினால் போதும். பெட்டா என்கிற சண்டை மீன் வளர்க்கிறவர்கள் அதையும் குறைக்கத்தான் பார்ப்போம்.

ஓட்டத்தைக் குறைக்கத் திருகு இருக்கிறது என்று நம்பித்தானே வாங்குகிறோம்? இன்று காலை அந்தத் திருகைக் கடைசி வரை குறைத்து வைத்துவிட்டுத்தான் சுவிட்சைப் போட்டேன். மீன் மேலே வந்தது. பெட்டாவுக்குச் செவுள் மட்டும் போதாது. காற்றை நேரடியாகச் சுவாசிக்க உதவும் லாபிரிந்த் உறுப்பு உள்ள மீன், அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கியே ஆக வேண்டும். வாயைத் திறப்பதற்குள் ஓட்டம் அதைப் பிடித்து, மதகில் சிக்கிய சருகு மாதிரி எதிர்க் கண்ணாடிக்குத் தள்ளிவிட்டது. அங்கே மோதிய தண்ணீர் கீழே இறங்க, மீனும் கூடவே இறங்கியது. தரையோடு தரையாகத் திரும்ப ஃபில்டர் பக்கம் வந்தது. மறுபடி மேலே முயன்றது, மறுபடி தள்ளியது. ஹாஃப்மூன் வால், விரித்தால் அரைவட்டம். அவ்வளவு பெரிய வாலோடு எந்த மீனால் எதிர்த்து நீந்த முடியும்? கடைசியில் துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு ஹீட்டருக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. தீனி போட்டேன். குருணை தொட்டியை வலம் வந்தது. மீன் ஒரு முறை பார்த்தது, வரவில்லை. முட்டைகளுக்காக நேற்று அது மூலையில் குமிழிகளால் அழகாகக் கட்டிவைத்திருந்த நுரைக்கூடும் போச்சு.

திருகை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பினேன். சத்தம் மாறியது. ஓட்டம் மாறவில்லை!

இதைச் சொன்னால் உடனே, 'ஃபில்டரை அணைச்சு வைங்க, அப்பப்போ போட்டா போதும்' என்பார்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சில் இருக்கும் பாக்டீரியாதான் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்கிற நஞ்சை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. அதற்கு ஆக்சிஜனோடு தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மணிக்கணக்கில் அணைத்து வைத்தால் அது நலியும், அப்புறம் மீனுக்கும் ஆபத்து. இன்னொரு கூட்டம், 'பெட்டா வயல் தண்ணியிலேயே வாழுற மீன், ஃபில்டரே வேண்டாம்' என்று வரும். தாய்லாந்தின் வயலிலும் சதுப்பிலும் வாழ்கிற மீன்தான், யார் இல்லை என்றது? அங்கே தண்ணீர் கிட்டத்தட்ட அசையாது, ஆனால் பரந்து கிடக்கிறது, செடிகளும் மண்டிக் கிடக்கின்றன. 20 லிட்டர் கண்ணாடிப் பெட்டி வயலாகிவிடுமா?

ஆக, வேலை நம் தலையில். தண்ணீர் வெளியே வரும் வாயில் ஸ்பாஞ்சை நூலால் கட்டு. வாயைக் கண்ணாடிச் சுவர் பக்கம் திருப்பு. பாட்டிலை வெட்டித் தடுப்பு வை. ஃபில்டர் முன்னால் செடியை நடு. எல்லாமே பலன் தருகிறவைதான், செய்யத்தான் போகிறேன். ஆனால் கட்டின ஸ்பாஞ்ச் அடைத்துக்கொள்ளும், அதை எடுத்துத் தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்து, திரும்பக் கட்ட வேண்டும். காசு வாங்கினவர்கள் ஒழுங்காக ஒரு வால்வு வைத்திருந்தால் இந்தப் பாடு எதற்கு? ஏர் பம்ப்பில் ஓடுகிற சாதா ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் பாருங்கள். குழாயில் ஒரு சின்ன வால்வு, திருகினால் குமிழி குறைகிறது, ஓட்டமும் குறைகிறது. அத்தனை மலிவான சாமானில் முடிவது, மோட்டார் வைத்த ஃபில்டரில் ஏன் முடியவில்லை? பெட்டா படத்தையே அட்டையில் அச்சடிக்கிறவர்கள் ஒரே ஒரு பெட்டாவை உள்ளே விட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே!

இதில் அந்தச் சக்‌ஷன் கப் வேறு. புதிதில் கண்ணாடியை விட்டுப் பிரியாது. கொஞ்ச நாளில் ரப்பர் விறைத்து, ராத்திரியில் ஒரு பக்கம் கழன்று, ஃபில்டர் சாய்ந்து, வாய் நேராகத் தரையைப் பார்த்து மணலையெல்லாம் கிளறிவிடும். காலையில் தொட்டி முழுக்கக் கலங்கல். ரப்பர் மட்டும் தனியாகக் கொடுங்கள் என்றால் கிடையாதாம், முழு ஃபில்டரையும் வாங்க வேண்டுமாம். நாலு ரப்பருக்கு இன்னொரு மோட்டாரா? என்ன அநியாயம் இது!