புது காரை நாற்பதில் உருட்டுவது ரன்னிங்-இன் ஆகாது

புது கார் எடுத்த வீட்டுக்கு, புது எஞ்சினை முதலில் பழக்கி ஓட்டுகிற 'ரன்னிங்-இன்' பற்றி இரண்டு வகை ஆலோசனை வரும். மாமா, சித்தப்பா வகையறா சொல்வது: "முதல் சர்வீஸ் வரைக்கும் அறுபதைத் தாண்டாதே. காலையில பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி சும்மா ஓடவிட்டு அப்புறம் எடு." யூடியூப் பார்க்கிற தம்பிகள் சொல்வது: "அதெல்லாம் அம்பாசடர் காலத்துக் கதைண்ணே. இப்ப வர்ற எஞ்சினுக்கு ரன்னிங்-இன்னே கிடையாது, மிதிங்க."

என் கட்சி இதுதான்: ரன்னிங்-இன் இன்றைக்கும் வேண்டும். ஆனால் மாமா சொல்கிற ரன்னிங்-இன் இல்லை. டாப் கியரில் நாற்பதில் உருட்டிக்கொண்டே இருப்பது சில எஞ்சின்களுக்கு நன்றாக மிதிப்பதைவிடக் கெடுதல்.

காரணம் சிலிண்டருக்குள்ளே இருக்கிறது. சிலிண்டர் சுவர் வழவழவென்று இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் ஹோனிங் கல்லை வைத்து, ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகிற மாதிரி மெல்லிய கீறல்களை வேண்டுமென்றே போட்டுத்தான் அனுப்புகிறார்கள். ஆயில் தங்குவது அந்தக் கீறல்களில். கீறலுக்குக் கீறல் நடுவே இருக்கிற மேட்டில், பிஸ்டனைச் சுற்றி மாட்டியிருக்கும் வளையமான பிஸ்டன் ரிங் உரசி, ரிங்கும் சுவரும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். மெக்கானிக்குகள் 'ரிங் செட் ஆகணும்' என்பது இதைத்தான்.

ரிங்கைச் சுவரோடு சேர்த்து அழுத்துவது எது? அதன் சொந்த விறைப்பு கொஞ்சம்தான். எரிகிற வாயு ரிங்குக்குப் பின்னால் இருக்கும் காடிக்குள் புகுந்து வெளியே தள்ளுவதுதான் பெரிய அழுத்தம். எஞ்சின் மேல் லோடு விழுந்தால்தான் அந்த அழுத்தம் வரும். லோடே கொடுக்காமல் உருட்டினால் ரிங் சரியாக உட்காராது. கீறல்களில் நிற்கும் ஆயில் வெந்து படிந்து, சுவர் பளபளப்பாகிவிடும். பிறகு ஆயில் மேலே ஏறி எரியும், எரிந்த வாயு கீழே, எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸுக்கு இறங்கும். பெரிய டீசல் ஜெனரேட்டர் பார்க்கிற மெக்கானிக்கிடம் கேட்டுப் பாருங்கள். லோடு இல்லாமலே மாதக்கணக்கில் ஓடிய ஜெனரேட்டர் சைலன்சர் வாயில் கறுப்பாக ஈரம் கசிய நிற்கும் கதையை அவர் சொல்வார்.

அப்படியானால் மாமா பொய் சொன்னாரா? இல்லை. அவர் பயந்தது வேறு விஷயத்துக்கு. அந்தக் காலத்தில் எஞ்சின் போர் போடுவது சாதாரணம். உள்ளூர் லேத் பட்டறையில் சிலிண்டரைக் கடைந்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு மாட்டுவார்கள். பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடைவெளி ஒரு இடத்தில் டைட், ஒரு இடத்தில் லூஸ். அலுமினியப் பிஸ்டன் சூடாகி விரிந்தால், விரிய இடமில்லாமல் சுவரைக் கவ்வும். வண்டி நடு ரோட்டில் சீஸ் ஆகி நின்றுவிடும். அதற்கு 'ஆயிரம் கிலோமீட்டருக்கு விரட்டாதே' என்பது மிகச் சரியான வைத்தியம். இன்றைக்கும் போர் போட்ட எஞ்சினுக்கு அந்த மெக்கானிக் சொல்வதைக் கேளுங்கள், என் பேச்சைக் கேட்க வேண்டாம்.

இன்றைய ஃபேக்டரி எஞ்சின் அப்படியில்லை. இடைவெளி மைக்ரான் கணக்கில் அளந்து வருகிறது. ஹோனிங்கிலேயே கடைசியாக ஒரு கட்டம் சேர்த்து, கூரான மேடுகளை மழுக்கிவிடுகிறார்கள். ரிங் செட் ஆக வேண்டிய வேலையில் பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடுகிறது. தம்பிகள் பாதி சரி என்பது இதனால்தான். மீதிப் பாதி? முன்பெல்லாம் எஞ்சினை ஃபேக்டரியிலேயே எரிபொருள் ஊற்றி ஓட்டிப் பார்ப்பது வழக்கம். இப்போது பல இடங்களில் எலெக்ட்ரிக் மோட்டாரை மாட்டி, பெட்ரோல் இல்லாமலேயே சுழற்றிச் சோதித்து அனுப்பிவிடுகிறார்கள். அந்த எஞ்சின் முதல்முறை எரிவதே காருக்குள் ஏறிய பிறகுதான்.

தேவையே இல்லை என்கிறவர்கள் டேஷ்போர்டு பெட்டியில் இருக்கும் புத்தகத்தை எடுத்துப் படிக்கலாம். ஹூண்டாய் புத்தகம் ஒரு வேடிக்கை. தனியாக ரன்னிங்-இன் காலம் எதுவும் தேவையில்லை என்று ஆரம்பிக்கும். அடுத்த மூச்சிலேயே, முதல் 1,000 கி.மீ.க்கு ஆர்பிஎம்மை (எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கை) 2,000-லிருந்து 4,000-க்குள் வை, ஒரே வேகத்தில் ரொம்ப நேரம் ஓட்டாதே, சடன் பிரேக் அடிக்காதே என்று வரிசையாகச் சொல்லும். இதற்குப் பெயர் ரன்னிங்-இன் இல்லையென்றால் வேறு என்ன?

'அதெல்லாம் வக்கீல் எழுதின வரி' என்று ஒரு பதில் வரும். சரி, பிஎம்டபிள்யூவின் எம் வகைக் கார்களைப் பாருங்கள். 2,000 கி.மீ.யில் அதற்கென்றே ஒரு சர்வீஸ் வைத்து எஞ்சின் ஆயிலை மாற்றுகிறார்கள், சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் ஆயிலையும் மாற்றுகிறார்கள். செவர்லே கார்வெட் சி8 இன்னும் ஒரு படி மேலே போய், ஓட்டுபவரை நம்பவே இல்லை. முதல் 500 மைலுக்கு, அதாவது சுமார் 800 கி.மீ.க்கு, கீழ் கியர்களில் கம்ப்யூட்டரே டார்க்கை (எஞ்சினின் முறுக்கு விசையை) குறைத்து வைக்கிறது. வழக்குக்குப் பயந்து மட்டும் இவ்வளவு செலவும் வேலையும் செய்ய மாட்டார்கள்.

'வாடகைக் கார்களை முதல் நாளிலிருந்தே அடித்து ஓட்டுகிறார்கள், ஒன்றும் ஆகவில்லையே' என்பது இன்னொரு வாதம். அந்த வண்டிகளைச் சில வருஷத்தில் விற்றுவிடுகிறார்கள். ரிங் சரியாக உட்காராததன் பலன் முழுதாகத் தெரிய நாளாகலாம், ஆயில் குடிக்க ஆரம்பிக்கும்போது. அதை அனுபவிப்பது அந்த வண்டியை மூன்றாம் கையாக வாங்கினவர்.

நம் ஊரில் நடப்பதையும் சொல்ல வேண்டும். எலுமிச்சம்பழத்தை நசுக்கி வெளியே எடுத்த கையோடு, அஞ்சு பேரும் டிக்கி நிறைய சாமானுமாகக் குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்பிவிடுவோம். நாலுவழிச் சாலை, எண்பதில் க்ரூஸ் கண்ட்ரோல், மூன்று மணி நேரம் ஒரே ஆர்பிஎம். எண்பதுதானே, மெதுவாகத்தானே போகிறோம் என்று நினைப்பு. புத்தகம் வேண்டாம் என்பது இந்த ஒரே சீரான ஓட்டத்தைத்தான். கோயிலுக்குப் போங்கள், யார் வேண்டாம் என்றது? பழைய ரோட்டில், ஊர்களுக்குள் புகுந்து, கியர் மாற்றி மாற்றிப் போங்கள்.

இப்போது எல்லாரும் வாங்கும் சின்ன டர்போ பெட்ரோல் எஞ்சின்களுக்கு இன்னொரு ஆபத்து. மைலேஜ் ஆசையில் சீக்கிரமே மேல் கியருக்குப் போய், வண்டி முக்க முக்க ஆக்சிலரேட்டரை அழுத்துவது. டர்போவும், பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்‌ஷனும் சேர்ந்த எஞ்சினில், குறைந்த ஆர்பிஎம்மில் அதிக லோடு கொடுத்தால், ஸ்பார்க் வருவதற்கு முன்பே உள்ளே தீப்பிடிக்கிற கோளாறு வரலாம். பிஸ்டனையே உடைக்கக்கூடியது. இதற்காகவே ஆயில் தரத்தையே மாற்றினார்கள்: 2018-ல் எஸ்என் பிளஸ், 2020-ல் எஸ்பி. வண்டி திணறினால் கியரைக் குறையுங்கள், அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால், முதல் ஆயிரத்துக்கு நான் சொல்வது இவ்வளவே. எஞ்சின் சூடான பிறகு, இரண்டாவது மூன்றாவது கியரில் பாதி, முக்கால் ஆக்சிலரேட்டர் கொடுத்து மூவாயிரம், மூவாயிரத்து ஐந்நூறு வரை ஏற்றி, காலை எடுத்து, எஞ்சின் பிரேக்கிலேயே இறங்க விடுங்கள். பக்கத்தில் மலைப்பாதை இருந்தால் உத்தமம். மேட்டுப்பாளையம்-குன்னூர் ரோடு ஏறி இறங்கினால் இந்த ஏற்ற இறக்கமெல்லாம் தானாகக் கிடைத்துவிடும். பிரேக் மட்டும் கவனம். பிரேக் பேடு பழகாத புது வண்டியில் இறக்கத்தில் பிரேக்கையே நம்பக் கூடாது, கீழ் கியரை நம்ப வேண்டும்.

காலையில் பத்து நிமிஷம் நிறுத்தி ஓடவிடும் பழக்கத்தை வண்டி பழசானாலும் விட்டுவிடுவது நல்லது. குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் கூடுதலாகப் போகும், எரியாதது சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவும். ஸ்டார்ட் செய்து அரை நிமிஷத்தில் கிளம்பி, முதல் நாலைந்து கிலோமீட்டர் மென்மையாக ஓட்டுவதுதான் எஞ்சின் சூடேறும் குறுக்குவழி. ஆயிரம் கிலோமீட்டரோடு முடிகிற விஷயமும் இல்லை இது, தினமும் செய்வது.

ஆயிலைச் சீக்கிரம் மாற்றலாமா என்று கேட்பார்கள். ராயல் என்ஃபீல்டில் 500 கி.மீ.யிலேயே மாற்றுகிறார்களே, காருக்கு மட்டும் ஏன் பத்தாயிரம்? அந்த பைக்கில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில். புதுப் பல்சக்கரத் தூளும் அதில்தான் சேரும். காரில் கியர் பாக்ஸ் ஆயில் தனி. ஹோண்டா புத்தகம், குறித்த காலத்துக்கு முன் மாற்றாதே என்றே எழுதியிருக்கிறது. மற்ற கம்பெனி வண்டியில் ஐயாயிரத்தில் மாற்றினால் பணம்தான் போகும், எஞ்சினுக்குக் கெடுதல் இல்லை.

ஹைபிரிட் வாங்கினவர்கள் பாவம். எஞ்சின் எப்போது எழும், எப்போது தூங்கும் என்பது வண்டி எடுக்கிற முடிவு. பல டொயோட்டா ஹைபிரிட்களில் ஆர்பிஎம் முள்ளுக்குப் பதில் பவர் மீட்டர்தான். அவர்கள் ஆக்சிலரேட்டரை முழுசாக அழுத்தாமல் இருந்தால் போதும், மீதியை வண்டி பார்த்துக்கொள்ளும். எலெக்ட்ரிக் காரில் ரிங்கும் இல்லை, சுவரும் இல்லை. டயரும் பிரேக்கும் மட்டும் அங்கேயும் புதுசுதான். வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பங்கை மோட்டாரே செய்துவிடுவதால் பேடு பழகக் கூடுதல் நாளாகும். முதல் சில நூறு கிலோமீட்டருக்கு முன்னால் போகும் பஸ்ஸை ஒட்டிக்கொண்டு போகாதீர்கள்.