பெரிய கோயில் சுவரில் 400 பெண்களின் வீட்டு முகவரி

போன சனிக்கிழமை அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்குப் போயிருந்தேன். சென்னையில் எட்டாவது படிக்கிறாள். கேரளாந்தகன் வாசலையும் ராஜராஜன் வாசலையும் தாண்டி, நந்தியைச் சுற்றி, வடபுறம் சண்டிகேசுவரர் சன்னதிப் பக்கம் வந்தபோது ஒரு சுற்றுலாக் கூட்டம் நின்றுகொண்டிருந்தது. நடுவில் கைடு. "இந்தக் கோபுரத்தோட நிழல் தரையில விழவே விழாதுங்க. உச்சியில இருக்கறது ஒரே கல்லு, எண்பது டன்னு" என்று சொல்ல, கூட்டம் மொத்தமும் அண்ணாந்து பார்த்தது. மணி நாலு இருக்கும். தை மாதத்து வெயில் தென்மேற்கில் சாய்ந்திருந்தது. அவர்கள் நின்றது விமானத்தின், அதாவது கருவறைக்கு மேலே எழும் அந்தக் கோபுரத்தின், நிழலில்தான்.

பிள்ளை என் கையைப் பிடித்து இழுத்தாள். "அத்தை, இது நிழல்தானே?"

"ஆமாண்டா தங்கம், நிழல்தான்."

"அப்புறம் ஏன் அப்படிச் சொல்றாங்க?"

அந்தக் கேள்விக்கு வீடு வந்து சேரும் வரைக்கும் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துப் படியுங்கள்.

அந்தக் கைடைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. வெயிலில் நாள் முழுக்க நின்று, அவருக்கு யாரோ சொல்லித் தந்ததைச் சொல்லிப் பிழைக்கிறவர். நான் ஆறாவது படிக்கும்போது பள்ளிக்கூடச் சுற்றுலாவில் எங்களுக்கும் இதையேதான் சொன்னார்கள். அதே முற்றத்தில், அதே நிழலில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். நிழல் விழாத கோயில் என்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அவ்வளவு பெருமையாகச் சொன்னேன். முப்பது வயது தாண்டும் வரை அதை நான் சந்தேகப்பட்டதே இல்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

சரி, அந்தக் கதைகளைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். நிழல் விழும், 200 அடிக்கு மேல் உயர்ந்த கட்டடத்தின் நிழல் எங்கே போகும்? உச்சியில் இருப்பது ஒரே கல் இல்லை, பல கற்களைச் சுளை சுளையாகச் செதுக்கிப் பொருத்திய சிகரம். என்னைக் கேட்டால் அதுதான் பெரிய வேலை. நந்தி வளர்ந்துகொண்டே போனது, ஆணி அடித்து நிறுத்தினார்கள் என்பார்கள். அந்த நந்தியும் மண்டபமும் ராஜராஜன் காலத்தவையே கிடையாது, நாயக்கர் காலத்தில் வந்தவை. அம்மன் சன்னதி பாண்டியர் காலத்தது. முருகன் சன்னதியும் நாயக்கர் காலத்துதான். அதன் தூண் வேலைப்பாட்டைப் பார்த்துவிட்டு "சோழன் சோழன்தான்" என்று போகிறவர்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

என் ஆதங்கம் இந்தக் கதைகளோடு நிற்கவில்லை. கூட்டம் அண்ணாந்து பார்க்கிற அதே நேரத்தில், அவர்கள் இடுப்பு உயரத்தில் விமானத்தின் அடித்தளம் முழுக்க எழுத்து ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் மேல் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அது என்ன எழுத்து என்று ஒருவரும் கேட்பதில்லை.

பத்து வருடத்துக்கு முன்னால், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் கல்வெட்டு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார். ஆறேழு பேர் போனோம். முதல் நாள் ஐயா சொன்னது: "இது வேற பாஷை இல்லம்மா, உன் பாஷைதான். புள்ளி இருக்காது, அவ்வளவுதான்." உண்மைதான். க எழுத்து கூட்டல் குறி மாதிரி இருக்கும். ட இன்றைக்கு இருக்கிற மாதிரியேதான். மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை, எ ஏ வேறுபாடு இல்லை, துணைக்காலும் ர-வும் ஒரே மாதிரி. தொடக்கத்தில் வரும் 'ஸ்வஸ்திஸ்ரீ' போன்ற வடசொற்கள் மட்டும் கிரந்த எழுத்தில் இருக்கும். பத்துப் பன்னிரண்டு எழுத்து பழகிவிட்டால் கண் தானாகவே கூட்டிவிடும்.

அன்றைக்குப் பிள்ளையை அந்த இடத்துக்குக் கூட்டிப் போனேன். அந்தப் பக்கம் நிழல் என்பதால் எழுத்து மங்கலாகத் தெரிந்தது. கைபேசி விளக்கைச் சுவரோடு சுவராகச் சாய்த்துப் பிடித்தேன். நேரே அடித்தால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் பிடித்தால் ஒவ்வொரு வெட்டுக்குள்ளும் இருட்டு நிறைந்து எழுத்து எழுந்து வரும். அவள் தடுமாறித் தடுமாறிக் கூட்டினாள். கு... டு... த... த... ன... வு... ம.

"குடுத்தனவும். அத்தை, கொடுத்தனவும்தானே வரணும்?"

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பத்து வருடத்துக்கு முன்னால் நானும் ஐயாவிடம் இதையேதான் கேட்டேன். அந்த வரி இதுதான்: "நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி ஸ்ரீராஜராஜீஸ்வரமுடையார்க்கு நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" இவற்றைக் கல்லிலே வெட்டுக என்று ராஜராஜன் தன் 26-ஆம் ஆட்சியாண்டின் 20-ஆம் நாள் இட்ட ஆணை. திருக்கற்றளி என்றால் கல்லால் கட்டிய கோயில், ஸ்ரீராஜராஜீஸ்வரம் இந்தக் கோயிலின் அன்றைய பெயர். எடுப்பிச்ச, குடுத்த. இன்றைக்குத் தஞ்சாவூர் கடைத்தெருவில் போய் நின்றால் காதில் விழுகிற அதே பேச்சு. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஒரு ராஜா வாயால் சொன்னதை, திருத்தி எழுதாமல், பேசியபடியே வெட்டி வைத்திருக்கிறார்கள். தான் கொடுத்ததற்கு அடுத்த இடத்தை அவன் கொடுத்தது அக்காவுக்கு. குந்தவை. அப்புறம்தான் ராணிகள். கடைசியில், யார் கொடுத்திருந்தாலும் அவர்கள் பெயரும் வர வேண்டும் என்கிறான்.

அவர்கள் எழுதிய விதத்தைச் சொல்ல வேண்டும். ஒரு நகை என்றால் பொன் எவ்வளவு, அதை நிறுத்த எடைக்கல்லின் பெயர் என்ன (பொன்னுக்கு 'ஆடவல்லான்', மணிகளுக்கு 'தக்ஷிணமேரு விடங்கன்'), எத்தனை முத்து, என்ன மாதிரி முத்து என்று எல்லாம் இருக்கிறது. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி என்று முத்துக்கு மட்டும் இத்தனை பெயர். சுமாரான முத்தைக் கறடு, சப்பத்தி என்று உள்ளபடியே எழுதியிருக்கிறான் பாருங்கள், அந்தக் கணக்கனின் நேர்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு விளக்கு எரிய 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. அதைப் பெற்றுக்கொண்ட இடையர் தினமும் ஓர் உழக்கு நெய் கொண்டுவந்து அளக்க வேண்டும். சுவாமியின் திருமஞ்சன நீரில் போட ஏலமும் செண்பக மொட்டும் இலாமிச்ச வேரும் வாங்கக் காசு முதலீடு செய்து, ஊர்ச்சபைகளுக்கு வட்டிக்குக் கொடுத்திருக்கிறார்கள். காசுக்கு வருடம் அரைக்கால் காசு வட்டி. அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை.

இவை எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது வடபுற மதிலின் வெளிப்பக்கத்தில் இருக்கிறது. ராஜராஜன் சோழ நாட்டுக் கோயில்களிலிருந்து 400 பெண்களைத் தஞ்சைக்கு வரவழைத்தான். தளிச்சேரிப் பெண்டுகள் என்று பெயர். தளிச்சேரி என்றால் கோயிலைச் சேர்ந்த குடியிருப்பு. ஆடலும் பாடலும் அவர்கள் பணி. 400 பேரின் பெயரும் அங்கே இருக்கிறது. பெயர் மட்டும் இல்லை, எந்த ஊர், எந்தக் கோயிலிலிருந்து வந்தாள், தஞ்சாவூரில் எந்தத் தெருவில், எந்தச் சிறகில் (வீட்டு வரிசையில்), எத்தனையாவது வீட்டில் இருக்கிறாள் என்பது வரை. தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு: திருவையாற்று உலோகமாதேவி ஈஸ்வரத்திலிருந்து வந்த நக்கன் சேரமங்கை. அதே வரிசை வீடுகளில் இரணமுகராமி, பட்டாலி, எடுத்தபாதம், சோழகுலசுந்தரி என்று போய்க்கொண்டே இருக்கிறது. நக்கன் என்றால் சிவன். எல்லாருக்கும் முன்னால் அந்தப் பெயர் உண்டு. எடுத்தபாதம் என்று தன் பெண்ணுக்குப் பெயர் வைத்தவர் யாரோ. ஆடுகிறவனின் தூக்கிய காலை ஒரு குழந்தைக்குப் பெயராக வைத்த அந்த மனசை நினைத்துப் பாருங்கள்.

திருவையாறு, ஆரூர், நாகப்பட்டினம், திருவிடைமருதூர், பழையாறை. எல்லாம் இன்றைக்கும் நாங்கள் பஸ் பிடித்துப் போய்வருகிற ஊர்கள். ஒவ்வொருத்திக்கும் வருடத்துக்கு நூறு கலம் நெல். கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால் என்று எங்கள் தாத்தா காலத்து ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். அவள் இறந்துபோனாலோ வேறு தேசம் போய்விட்டாலோ அடுத்த உறவுமுறைக்காரர் அந்தப் பங்கைப் பெற்றுப் பணி செய்ய வேண்டும், அவருக்குத் தகுதி இல்லாவிட்டால் தகுதியானவரை நிறுத்த வேண்டும் என்று விதியும் உண்டு. நட்டுவர், உடுக்கை வாசித்தவர், வீணை வாசித்தவர், கணக்கர், குசவர், தையற்காரர், கன்னார், சலவைக்காரர் எல்லாரும் அதே வரிசையில். முடி திருத்தியவருக்கு ராஜராஜப் பெருநாவிசன் என்று பட்டம். தச்சருக்கு ராஜராஜப் பெருந்தச்சன் என்று பட்டம். அவர் பெயர் குஞ்சரமல்லன். தன் பெயரையே நாவிதருக்கும் தச்சருக்கும் பட்டமாகக் கொடுத்திருக்கிறான் ஒரு பேரரசன். இதைச் சொன்னால் அந்தச் சுற்றுலாக் கூட்டத்தில் கண்கலங்காதவர் எத்தனை பேர் இருப்பார்கள்?

எல்லாம் பெருமைதான் என்று சொல்ல வரவில்லை. சேரனையும் பாண்டியரையும் வென்று எடுத்துவந்த பண்டாரத்திலிருந்து கொடுத்தது என்று பல பொருள்களைப் பற்றி அதே சுவர் வெளிப்படையாகச் சொல்கிறது. அந்தப் பொன்னுக்குப் பின்னால் யாரோ அழுத கண்ணீர் இருக்கிறது. அந்த 400 பெண்களிடம் வருகிறாயா என்று யாராவது கேட்டிருப்பார்களா? பிறந்த ஊரை விட்டு வந்து தலைவீட்டில் முதல் ராத்திரி படுத்த சேரமங்கைக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பேன். ஒரு பெண்ணாக எனக்கு அது உறுத்தத்தான் செய்கிறது. இதையும் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும் என்பதுதான் என் கட்சி. ராஜராஜனைக் குறை இல்லாத தெய்வமாக்கிவிட்டால் அவனைப் பற்றிக் கேள்வி கேட்க முடியாமல் போய்விடும். கேள்வி கேட்க முடியாத ஆளைப் பற்றி எதைத் தெரிந்துகொள்வது?

இன்னொரு விஷயம் தெரிந்தால் திகைத்துப்போவீர்கள். இந்தக் கோயிலைக் கட்டியது யார் என்பதையே இந்த ஊர் ஒரு காலத்தில் மறந்திருந்தது. தல புராணம் கரிகாலன் கட்டினான் என்றது. காடுவெட்டிச் சோழன் என்றும் ஒரு பேச்சு இருந்தது. ஸ்ரீராஜராஜீஸ்வரம் என்று சுவரெல்லாம் எழுதி வைத்திருக்கும்போதே இப்படி. 1880களின் பிற்பகுதியில் ஜெர்மன்காரர் ஹுல்ட்ஸ் கல்வெட்டுகளைப் படியெடுத்துப் படித்த பிறகுதான் ராஜராஜன் என்பது உறுதியானது. வெங்கய்யா போன்ற நம் அறிஞர்கள் அவரோடு உழைத்தார்கள். 1891 முதல் அவை தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியாக அச்சில் வந்தன. ஓவியமும் அப்படித்தான். நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். அதுவரை விளக்குப் பிடித்துப் பார்க்க ஆள் இல்லை. எதிரே இருப்பதைப் படிக்காமல் விட்டதற்கு நாம் ஒருமுறை விலை கொடுத்தாயிற்று. இப்போது நிழல் கதையும் எண்பது டன் கதையும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கும்போது எனக்கு அதே பயம்தான் வருகிறது.

1987-இல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆகிவிட்டது. கூட்டத்துக்குக் குறைவே இல்லை. நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியமும் இல்லை. "நாம் குடுத்தனவும்" இருக்கிற இடத்தில் அதை இன்றைய எழுத்தில் அப்படியே எழுதி ஒரு பலகை. 400 பேரின் பெயரையும் ஊரையும் எழுதி முற்றத்தில் எல்லாரும் பார்க்கிற மாதிரி இன்னொரு பலகை. திருவையாற்றிலிருந்து சுற்றுலா வருகிற பிள்ளை, தன் ஊரிலிருந்து ஆயிரம் வருடத்துக்கு முன்னால் வந்தவளின் பெயரை விரல் வைத்துத் தேடட்டும். கைடுகளுக்கு நாலு நாள் பயிற்சி கொடுங்கள். அவர்கள் வாயால் இதைச் சொன்னால் ஊர் கேட்கும். நல்ல குரல் அவர்களுக்கு.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளைக் கூட்டிவரும்போது பத்து எழுத்தாவது பலகையில் எழுதிக் காட்டிவிட்டுக் கூட்டிவாருங்கள். காலையிலோ சாயங்காலமோ வாருங்கள், உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. கல்லைத் தொட வேண்டாம், சாக்கட்டியால் எழுத்தை நிரப்ப வேண்டாம். சாய்ந்த வெளிச்சம் போதும்.

அன்றைக்குப் பிள்ளை ஒரு வரியை முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. கைடின் கூட்டம் எப்போதோ போய்விட்டிருந்தது. ஊருக்குக் கிளம்பும்போது என் பழைய நோட்டிலிருந்து சேரமங்கையின் முகவரியைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். நேற்று ராத்திரி சென்னையிலிருந்து போன். "அத்தை, இரண்டாவது வீட்டுல இருக்கறது யாரு?"

இரணமுகராமி என்று சொன்னேன். மூன்றாவது வீட்டுக்கு நோட்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.