மான்ட்கோமரியில் அடுப்பு எரிய வேண்டுமே

ரோசா பார்க்ஸைப் பற்றி எழுதுகிற நம் ஆட்கள் ‘கால் வலியால் எழுந்திருக்க முடியாத ஏழைத் தையல்காரப் பெண்மணி’ என்றே ஆரம்பிக்கிறார்கள். தையல் வேலை உண்மை. கால் வலியெல்லாம் இல்லை. 1955 டிசம்பர் 1 அன்று, பஸ்ஸில் வெள்ளையருக்காகச் சீட்டை விட்டு எழ மறுத்துக் கைதானபோது, அவர் பல வருடம் இயக்க வேலை பார்த்துப் பழுத்தவர். சரி, அது கிடக்கட்டும். அந்தக் கைதுக்குப் பிறகு கறுப்பர்கள் பஸ்ஸில் ஏறாமல் நடத்திய புறக்கணிப்புப் போராட்டத்தில் என்னை இழுப்பது பஸ் இல்லை, வெள்ளைக்காரர் வீட்டுச் சமையற்கட்டு.

அலபாமாவின் அந்த ஊரில் பஸ் பயணிகளில் பெரும்பாலோர் கறுப்பர்கள். வெள்ளையர் வீடுகளில் சமைத்து, துவைத்து, பிள்ளை வளர்க்கும் பெண்கள் அவர்களில் ஏராளம். முன்வாசலில் ஏறிக் காசு போட்டுவிட்டு, இறங்கிப்போய்ப் பின்வாசலில் ஏற வேண்டும். அதற்குள் டிரைவர் வண்டியை எடுத்துவிடுவதும் உண்டு. புறக்கணிப்பு 381 நாள் நடந்தது. வேலைக்கு ஆள் வராவிட்டால் அடுப்பு எரியாதே! பல வெள்ளைக்கார எஜமானிகள் தாங்களே காரை எடுத்துக்கொண்டு போய் ஆளைக் கூட்டி வந்தார்கள். மேயர் கெய்ல் கடுப்பாகி, இதை நிறுத்துங்கள் என்று பகிரங்கமாகவே கேட்டார். அப்படியானால் மேயரே வந்து துவைத்துச் சமைக்கட்டும் என்று பதில் வந்ததாம்.

இதை இன நல்லிணக்கம் என்று சிலாகிப்பவர்களைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. சிலருக்கு மனச்சாட்சி இருந்தது, மறுக்கவில்லை. மற்றவர்களுக்குப் பாத்திரம் தேய்க்க மனமில்லை, அவ்வளவுதான். ஆண்கள் போட்ட நிறவெறிச் சட்டத்தைக் கட்டிக்காக்கும் பாரம் தங்கள் தலையில் விழுந்ததும், அந்த அம்மணிகள் சௌகரியத்தின் பக்கம் சாய்ந்தார்கள்.

ஜார்ஜியா கில்மோர் ஒரு சாப்பாட்டுக் கடையின் சமையல்காரி. புறக்கணிப்பை நடத்தியதற்காக மார்ட்டின் லூதர் கிங் மீது போட்ட வழக்கில் சாட்சி சொன்னார், வேலை போயிற்று. வீட்டிலேயே சமைத்து விற்க ஆரம்பித்தார். அவரும் தோழிகளும் கோழி சாண்ட்விச், கேக், பை என்று விற்ற காசு, போராட்டக்காரர்களை ஏற்றிப்போன கார்களுக்குப் பெட்ரோலாயிற்று. காசு கொடுத்தது யாரென்று வெளியே தெரிந்தால் அவளுக்கும் வேலை போகும். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ‘எங்கிருந்தும் இல்லை’. அவர்கள் சேர்ந்து வைத்திருந்த சங்கத்தின் பெயரே அதுதான்! அந்தப் பலகாரத்தை வாங்கித் தின்றவர்களில் வெள்ளைக்காரர்களும் உண்டு.

கறுப்பர்களுக்குள்ளும் மேல் கீழ் இருந்தது. ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே, அதே ஊரில், 15 வயது கிளாடெட் கொல்வின் சீட்டை விட்டு எழ மறுத்துக் கைதானாள். ஏழைக் குடியிருப்புப் பெண், கறுத்த நிறம், அப்புறம் கல்யாணமாகாமலே கர்ப்பம். இவளை முன்னிறுத்தினால் எதிராளி கிழித்துவிடுவான் என்று தலைவர்கள் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது, ஜீரணம்தான் ஆகவில்லை. ஏனென்றால் 1956-இல் பஸ் பாகுபாட்டைச் சட்டவிரோதம் ஆக்கிய வழக்கில் வாதிகள் நான்கு பெண்கள், ரோசா பார்க்ஸ் அதில் இல்லை, கொல்வின் இருந்தாள், நீதிமன்றத்தில் சாட்சியும் சொன்னாள். அவள் மேல் விழுந்த சிறுவயதுக் குற்றப்பதிவை அலபாமா நீதிமன்றம் அழித்தது 2021-இல். அப்போது அவருக்கு வயது 82.