விழாவை விட அந்தத் தகரப் பெட்டி
மறைந்த சங்கத் தலைவரின் பெரிய சாதனை ஆண்டுதோறும் நடத்திய பொங்கல் விழாதான் என்கிறது அவரைப் பற்றிய இந்த அஞ்சலிக் கட்டுரை. மூணாறு பக்கம் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்த எனக்கு அது ஒப்பவில்லை. விழாவை யாரும் நடத்தலாம், மைக்செட்காரர் கிடைத்தால் போதும். அண்ணாச்சி என்று நாங்கள் கூப்பிட்ட அந்தத் தலைவர் செய்தது சாதிச் சான்றிதழ் வேலை. பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டால், 10-8-1950 அன்றே குடும்பம் இங்கே நிலையாகக் குடியிருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். என் தாத்தா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியோடு மலையேறி வந்தவர். பட்டா ஏது, பத்திரம் ஏது? அக்காவின் மனு இரண்டு முறை திரும்பி வந்தது. அண்ணாச்சி வேலை முடிந்த அப்புறம், துருப்பிடித்த தகரப் பெட்டியோடு எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்ப் பழைய செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவேடு), பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு என்று நகல் எடுத்து வருவார். தாத்தா பெயர் 1947 செக்ரோலில் கிடைத்தது, எழுத்துப்பிழையோடு! அந்தப் பிழையைத் திருத்த இன்னும் நான்கு மாதம் ஆனது, அது வேறு கதை. மனுவை மலையாளத்தில்தான் எழுதுவார். "அவங்க பாஷையில கேட்டா சாக்குச் சொல்ல முடியாதுடே" என்பார். கட்டுரைக்குக் கீழே கருத்து எழுதிய ஒரு நண்பர், 1956 நவம்பர் 1-இல் தமிழர் அதிகம் வாழ்ந்த மலைத் தாலுகாக்களான தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றதும் இங்குள்ள தமிழர் பிரச்சினை முடிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறார். சரி, வரைபடத்தில் முடிந்தது. எங்கள் லயத்தில் அது அக்காவுக்கு நர்சிங் சீட் கிடைத்த அன்றுதான் முடிந்தது, அதுவும் எங்கள் ஒரு வீட்டுக்கு மட்டும். அந்தப் பெட்டி இப்போது யாரிடம் இருக்கிறது என்று சங்கத்தில் யாருக்காவது தெரியுமா?