குழந்தைகளுக்கு மோர்னா போர் அடிக்குமாம்!

மோர்னா என்றால் கேப் வெர்டே தீவுகளின் மெதுவான பாட்டு வகை. பிள்ளைகளை மேடையேற்றி அதை வேகமாகப் பாடவைத்த அந்த வீடியோவை இதுவரை எத்தனை பேர் அனுப்பினீர்கள் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். பார்த்தாச்சு, ரெண்டு தடவை. 'சோடாடே' (ஏக்கம் என்று அர்த்தம்) பாட்டுக்கு அடியில் டிரம் லூப், பிள்ளைகள் கையில் பலூன், பின்னால் தென்னை மர பேனர். ஏன் இந்த வேகம் என்று கேட்டதற்கு வந்த பதில்: "ஸ்லோவா பாடினா பசங்களுக்கு போர் அடிக்கும் சார்."

அடிக்காது. தாலாட்டு கேட்டு வளர்ந்த பிள்ளைகள்தானே? போர் அடிப்பது பெரியவர்களுக்கு. பழி மட்டும் பசங்க மேல்.

அது என்ன பாட்டு என்று யாராவது பார்த்தார்களா? கேப் வெர்டேயில் மழை பொய்த்தால் பஞ்சம். ஆட்சி 1975 வரை போர்த்துகீசியர் கையில். சாவ் நிக்கொலாவ் தீவிலிருந்து சாவ் தோமே தீவின் கோகோ தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலியாகக் கிளம்பியவர்களை வழியனுப்ப எழுந்த பாட்டு அது. அதற்கு பலூன்! மோர்னாவை 2019-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். பலூன் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

சரி, எப்படித்தான் சொல்லிக்கொடுப்பது? முதல் நாள் விளக்கமே வேண்டாம். ஒரு பாட்டு, முழுசாக, கேப் வெர்டே பாடகி ஸெஸாரியா எவோரா குரலில். பிறகு வரைபடம்: செனகல் கரைக்கு மேற்கே பத்துத் தீவுகள், ஒன்பதில் ஆள் உண்டு. மெட்டை 'ம்ம்' என்று முனகிப் பழகிய பிறகே அங்கே பேசும் கிரியோல் மொழிச் சொற்கள். அர்த்தம் கடைசியில். முதலிலேயே அர்த்தம் சொன்னால் பிள்ளைகள் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு நடிக்க ஆரம்பித்துவிடும், அதை அப்புறம் கழற்றவே முடியாது.

கவாக்கின்யோ என்ற நாலு தந்திக் குட்டி கிட்டார் கிடைக்காவிட்டால் யுகுலேலே போதும், ஒரே வம்சம்தான். ஏ மைனர், டி மைனர், ஈ 7, மூன்று கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு). ஏ மைனருக்கு ஒரே விரல்: நாலாம் தந்தி, ரெண்டாம் ஃபிரெட். தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 66 தட்டில் வையுங்கள், நாலு எண்ணிக்கை. கிட்டார் வாசிக்கிறவர் கட்டைவிரலால் பாஸ் தந்தியை மட்டும் நடத்தட்டும். ஆறு தந்தியையும் வறட் வறட்டென்று இழுத்தால் மோர்னா செத்துப்போகும். பிள்ளைகள் தாளத்தை முந்தி ஓடுவது எப்போதும் ஒரே இடத்தில்தான், ஈ 7-லிருந்து ஏ மைனருக்குத் திரும்பும்போது. கஷ்டமான கார்டு முடிந்ததே என்ற நிம்மதி! விரலை நாலாவது எண்ணிக்கையிலேயே தூக்கி நகர்த்தச் சொன்னால் ஓட்டம் நிற்கும். ஸெஸாரியாவின் சுதி பிள்ளைகளுக்கு ரொம்பக் கீழே. மத்திய 'சி'க்குக் கீழ் இறங்காதபடி ஏற்றுங்கள், இல்லாவிட்டால் தொண்டையை அமுக்கிப் பாடுவார்கள்.

இனி வழக்கமான கேள்விகள். "சாராயக்கடையில் பாடியதைப் பிள்ளைகளுக்கா?" தாலாட்டாகப் பாடும் மோர்னாவும் உண்டு ஐயா, தேடிப் பாருங்கள். "மரபை மாற்றவே கூடாதா?" தாராளமாக மாற்றுங்கள். கேப் வெர்டே இசையமைப்பாளர் பி. லேஸா நடுவில் புதுக் கார்டுகளை நுழைத்து மோர்னாவின் போக்கையே மாற்றினார். அவர் பிறந்த டிசம்பர் 3 இன்று அங்கே தேசிய மோர்னா நாள். "மோர்னாவை வேகமாக்கித்தானே கொலாதெய்ரா என்ற ஆட்டப் பாட்டு வந்தது?" இதைக் கேட்டவருக்கு மட்டும் ஒரு கும்பிடு, விஷயம் தெரிந்தவர். ஆமாம், அப்படித்தான் சொல்கிறார்கள். அப்படியானால் கொலாதெய்ரா என்றே பேர் போட்டு, அதற்கென்றே இருக்கும் பாட்டை எடுத்து ஆடவிட்டிருக்கலாமே? ஆட்டம் பிடித்த பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல வாசல் கிடையாது.

"பிஞ்சு மனசுல சோகத்தை ஏத்தாதீங்க" என்று ஒரு அம்மா எழுதியிருந்தார். சோகம் வேறு, ஏக்கம் வேறு அம்மா. வகுப்பில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: எதை எங்கே விட்டுட்டு வந்தீங்க? இங்கே வந்த பதில்கள்: வாட்டர் பாட்டில். விழுந்த பல். பழைய வாடகை வீட்டுப் பூனை. பூனை என்ற பிள்ளை அழவில்லை. அது இப்போது எந்தத் திண்ணையில் படுத்திருக்கும் என்று ரொம்ப நேரம் யோசித்தது. அந்த யோசனையின் வேகம்தான் 66. அதைப் போய் 120-க்கு முடுக்கினால் பூனை எங்கே நிற்கும்?

கடைசியாக ஒன்று. "நாலு பிள்ளைகளை வைத்துப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறவருக்கு மேடை பற்றி என்ன தெரியும்" என்ற அந்தக் கமெண்ட். அதற்கு விழுந்த சிரிப்பு எமோஜிகளில் நமக்குத் தெரிந்த பேர்களும் இருந்தன. பார்த்தேன், பரவாயில்லை. மேடை பற்றித் தெரியாதுதான். ஆனால் நாலு பேர் இல்லை, ஏழு பேர். சனிக்கிழமை எட்டாவதாக ஒருத்தி வருகிறாள். அவளுடைய யுகுலேலேயில் மூணாம் தந்தி அறுந்திருக்கிறதாம், வாங்கி வைக்க வேண்டும்.